மாதிரிப் படகின் சுக்கான் இணைப்பும் கசிவுத் தடுப்பும்

ரிமோட் படகின் அடியில் தண்ணீர் சேர்ந்தால், சந்தேகம் முதலில் விழுவது புரொப்பெல்லர் தண்டு செல்லும் குழாயின் மீதுதான். சுக்கான் பக்கம் யாரும் அவ்வளவாகத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் சுக்கானின் தண்டும் படகின் உடலைத் துளைத்துக்கொண்டுதான் உள்ளே வருகிறது. கசிவுக்குப் பயந்து அந்த இடத்தில் எதையாவது பூசி இறுக்கினால், தண்ணீர் நிற்கிறதோ இல்லையோ, சுக்கானின் அசைவு கெட்டுவிடும். அதனால், சர்வோவிலிருந்து (சுக்கானைத் திருப்பும் சிறு மோட்டார்) சுக்கான் வரை எல்லாமே தடையின்றி ஓடும் வரையில் அடைப்பு வேலையில் கை வைக்கவே கூடாது என்பது என் கட்சி.

சர்வோவை நடுநிலைக்குக் கொண்டுவருவதில்தான் வேலை தொடங்குகிறது. டிரான்ஸ்மிட்டரில் டிரிம், சப்-டிரிம் (நடுநிலையைச் சற்றே நகர்த்தும் அமைப்புகள்) இரண்டையும் பூஜ்யத்தில் வைத்து ரிசீவருக்கு மின்சாரம் கொடுத்தால், அது அனுப்பும் ஏறத்தாழ 1.5 மில்லி விநாடித் துடிப்புக்குச் சர்வோ தன் மையத்தில் வந்து நிற்கும். அந்த நிலையில் கொம்பை (சர்வோவின் பல் அச்சில் மாட்டும் சிறு கை) கழற்றி, புஷ்ராடுக்கு (கொம்பிலிருந்து சுக்கானுக்குப் போகும் கம்பி) எவ்வளவு முடியுமோ அவ்வளவு செங்கோணமாக அமையும் பல்லில் மாட்டி, சுக்கான் நேராக இருக்கும்போது டில்லர் கையும் (சுக்கான் தண்டின் தலையில் உள்ள கை) புஷ்ராடுக்குச் செங்கோணமாக நிற்கும்படி புஷ்ராடின் நீளத்தைச் சரிசெய்ய வேண்டும். பற்களின் இடைவெளியால் மிஞ்சும் சிறு கோணலை மட்டும் சப்-டிரிமில் தீர்த்துக்கொள்ளலாம். பெரிய கோணலை அதைக் கொண்டு மறைத்தால், ஒரு பக்கம் திரும்பும் அளவு மறுபக்கத்தைவிடக் குறைந்துபோகும்.

கொம்பிலும் டில்லரிலும் புஷ்ராடை எந்தத் துளையில் மாட்டுவது என்பதை ஒரு சிறு கணக்கில் முடிவு செய்துவிடலாம். சர்வோ ஒவ்வொரு பக்கமும் 45 பாகை திரும்புகிறது, கொம்பில் 10 மி.மீ. ஆரத்தில் இருக்கும் துளையில் மாட்டியிருக்கிறோம் என்றால், புஷ்ராட் நகர்வது சுமார் 7 மி.மீ. டில்லரில் துளை 12 மி.மீ. ஆரத்தில் இருந்தால் சுக்கான் ஏறக்குறைய 36 பாகை திரும்பும்; 15 மி.மீ. ஆனால் 28 பாகைதான். நிதானமாகச் செல்லும் கப்பல் மாதிரிகளுக்கு 35 பாகை போதும், அதற்கு மேல் போனால் சுக்கான் படகைத் திருப்புவதைவிடத் தடுத்து நிறுத்தும் வேலையைத்தான் அதிகம் செய்யும். வேகப் படகுகளுக்கு இதைவிடக் குறைவே போதும். தேவையான கோணம் கிடைக்கும் வரையில், சர்வோ பக்கம் உட்துளையையும் டில்லர் பக்கம் வெளித்துளையையும் தேர்ந்தெடுப்பதே நல்லது. சர்வோவின் சுமை குறைவதோடு இணைப்பின் தளர்வால் வரும் ஆட்டமும் குறையும்: 12 மி.மீ. ஆரத்தில் 0.2 மி.மீ. ஆட்டம் இருந்தால் சுக்கானில் அது ஒரு பாகை, 24 மி.மீ. ஆரத்தில் அரைப் பாகைதான்.

அடுத்தது பிடிப்பு, அதாவது அசைவு எங்காவது சிக்குவது. கிளெவிஸை (புஷ்ராடை டில்லரோடு இணைக்கும் கவ்வி) கழற்றிவிட்டு டில்லரை ஒரு விரலால் தள்ளினால், கடைசி வரை ஒரே மாதிரி, எங்கும் தயங்காமல் போக வேண்டும். அப்படிப் போகவில்லை என்றால் சுக்கான் தண்டும் அது செல்லும் குழாயும் ஒரே கோட்டில் இல்லை, அல்லது ஒட்டும்போது எபாக்ஸி பசை உள்ளே இறங்கியிருக்கிறது. கிளெவிஸைத் திரும்ப மாட்டி ஸ்டிக்கைக் கடைசி வரை தள்ளும்போது சர்வோ விடாமல் முனகினால், அது எதையோ முட்டிக்கொண்டு நிற்கிறது என்று பொருள். டிரான்ஸ்மிட்டரில் எண்ட் பாயிண்டை (சர்வோ திரும்பும் எல்லை) குறைத்தே ஆக வேண்டும், இல்லையேல் அது பேட்டரியையும் தின்று தானும் சூடாகும். நீளமான புஷ்ராடைக் கவனித்துப் பாருங்கள்: இழுக்கும்போது நேராக இருக்கும் கம்பி, தள்ளும்போது வில்லாக வளையும். நடுவில் ஒரு தாங்கி வைத்தாலோ 2 மி.மீ. எஃகுக் கம்பிக்கு மாறினாலோ அந்த வளைவு அடங்கிவிடும்.

இனி அடைப்பு. கப்பல் மாதிரிகளில் சுக்கான் குழாயின் மேல்வாய் நீர்மட்டத்துக்கு மேலே இருந்தால், அந்த உயரத்தைவிடச் சிறந்த அடைப்பு வேறில்லை. ஆனால் எந்த நீர்மட்டம் என்பதுதான் கேள்வி. ஓடும்போது பின்பகுதி அமிழும். சட்டென்று நிறுத்தினால் பின்னால் வந்த அலை மேலே ஏறும். ரிவர்ஸில் தண்ணீர் பின்புறம் குவியும். ஆகையால் நின்றிருக்கும் படகின் கோட்டிலிருந்து தாராளமாகவே மேலே விட வேண்டும். இடமில்லாமல் வாய் தாழ்ந்துதான் இருக்கும் என்றால், குழாயில் கிரீஸ் நிரப்பி, மேல்வாயில் ஓ-ரிங் (ரப்பர் வளையம்), அதன்மேல் வாஷர், அதற்கும் மேல் காலர் (தண்டில் இறுக்கி நிறுத்தும் வளையம்) என்று அடுக்கலாம். காலர் ஓ-ரிங்கை லேசாகத் தொட்டால் போதும். விரல் சோதனையில் முன்பிருந்த இலகுத்தன்மை குறைந்தால் காலரை உயர்த்திவிட வேண்டும். கிரீஸ் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை: பெட்ரோலிய கிரீஸ் இயற்கை ரப்பரை ஊதவைக்கும், சிலிக்கோன் கிரீஸ் சிலிக்கோன் ரப்பரை ஊதவைக்கும். நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங் இரண்டையும் தாங்கும்.

சுக்கான் பின்சுவருக்கு வெளியே தொங்கும் வேகப் படகுகளில், சுவரைத் துளைத்துப் போவது புஷ்ராடு. அது முன்னும் பின்னும் போவதோடு கொஞ்சம் பக்கவாட்டிலும் அசைவதால் ஓ-ரிங் அங்கே எடுபடாது. மடிப்பு மடிப்பான ரப்பர் பெல்லோஸ்தான் சரி. அதன் ஒரு முனை சுவரில் உள்ள குழாயையும், மறுமுனை கம்பியையும் இறுகப் பிடித்திருக்க வேண்டும். சுக்கான் நேராக இருக்கும்போது பெல்லோஸ் இயல்பான நீளத்தில் இருக்கும்படி கட்டினால், முழுத் தள்ளலிலும் முழு இழுப்பிலும் மடிப்புகள் விறைக்காது. கட்டிய பிறகு கிளெவிஸை மறுபடியும் கழற்றி, கம்பியை நகர்த்தி விட்டுப் பாருங்கள். அது வெடுக்கென்று திரும்பி ஓடினால், பெல்லோஸ் ஸ்பிரிங் வேலை பார்க்கிறது. அந்தச் சுமை முழுவதும் சர்வோவின் தலையில்தான் விழும்.

சிலிக்கோன் பசையை அசையும் இடத்தில் பூசுவது எனக்கு உடன்பாடில்லை. அசையாத இடத்தில் பூசினாலும், புளித்த வாடை வீசும் வகை காய்கையில் அசிட்டிக் அமிலத்தை வெளியிட்டுப் பித்தளையையும் மின்னணுப் பாகங்களையும் அரிக்கும். போதாக்குறைக்கு, அது பட்ட இடத்தில் பிறகு பெயிண்ட் ஒட்டாது.

சோதனைக்குத் தொட்டித் தண்ணீரும் டிஷ்யூ காகிதமும் போதும். சர்வோவின் அடியிலும் குழாய் வாயைச் சுற்றியும் காகிதத்தை வைத்து, படகின் பின்பகுதியைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, சுக்கானை இருபுறமும் சில நிமிடங்கள் விடாமல் இயக்க வேண்டும். அசையாமல் நிற்கும்போது கசியாத அடைப்பு, அசையும்போதுதான் கசியும். குழாய் வாயைச் சுற்றிய காகிதம் மட்டும் நனைந்திருந்தால் ஓ-ரிங்கைப் பாருங்கள். ஓ-ரிங் பக்கம் ஈரமில்லாமல் குழாயின் அடிவேரில் ஈரம் தெரிந்தால் எபாக்ஸி ஒட்டு விட்டிருக்கிறது, அதைச் சுரண்டி எடுத்து, குழாயின் மேற்பரப்பை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி மறுபடி ஒட்ட வேண்டியதுதான்.