காந்தாரம் என் பொறுப்பு

கல்லூரி முதலாண்டு வரை நான் வயலின்தான் வாசித்தேன். அங்கே ஒரு ஸ்ட்ரிங் குவார்ட்டெட், அதாவது நால்வர் வாசிக்கும் தந்தி வாத்தியக் குழு, அமைத்தார்கள். இரண்டு வயலின், உட்கார்ந்து வாசிக்கும் பெரிய, தாழ்ந்த குரல் வாத்தியமான செல்லோ ஒன்று கிடைத்துவிட்டன, வியோலாவுக்கு ஆள் இல்லை. ஆசிரியர் ஒரு பழைய வியோலாவை என் கையில் கொடுத்து, "ரெண்டு வாரம் வாசிச்சுப் பாரு. பிடிக்கலேன்னா திருப்பிக் கொடுத்துடு" என்றார். நான் திருப்பிக் கொடுக்கவில்லை. இன்றைக்கு 26 ஆண்டுகள் ஆகின்றன.

பார்வைக்குக் கொஞ்சம் பெரிய வயலின் போலத்தான் இருக்கும். வயலினின் உச்சத் தந்தியான ஈ இதில் கிடையாது. அதற்குப் பதில் ஜி, டி, ஏ மூன்றுக்கும் கீழே ஒரு தடித்த சி தந்தி. வயலினின் உடல் நீளம் ஏறக்குறைய 35.5 சென்டிமீட்டர் என்று எப்போதோ முடிவாகிவிட்டது. வியோலாவுக்கு அப்படி ஒரு நிலையான அளவே இல்லை. 38 முதல் 43 வரை எதுவும் இருக்கலாம். அந்தத் தாழ்ந்த சுருதிக்கு ஏற்ற அளவில் செய்தால் தோளில் வைத்து வாசிக்க முடியாது. அதனால் கைக்கு எட்டும் அளவில் நிறுத்திக்கொள்கிறார்கள். உடல் போதாத அந்தக் குறையிலிருந்துதான் வியோலாவின் கம்மிய, புகைபடிந்த குரல் வருகிறது. எனக்கு அது குறையாகவே பட்டதில்லை.

நோட்டுத்தாளில் எந்தக் கோடு எந்த ஸ்வரம் என்று காட்டும் கிளெஃப் குறி வேறு, விரல்களுக்கு இடையே அதிக இடைவெளி, கொஞ்சம் கனமான வில். இவையெல்லாம் சில மாதங்களில் பழகிவிட்டன. சி தந்தி மட்டும் பழக ஆண்டுகள் ஆயின. வில்லை வைத்த உடனே அது பேசாது. ஒலி பிறக்க ஒரு நொடியின் சிறு துண்டு பிடிக்கும். மற்றவர்களோடு சேர்ந்து ஒலிக்க வேண்டும் என்றால் அவர்களுக்கு ஒரு மயிரிழை முன்னதாகவே வில் நகர்ந்திருக்க வேண்டும். செல்லோக்காரர் மூச்சை இழுப்பது கேட்கும்போதே என் கை புறப்பட்டுவிடும். இப்போது யோசித்தால்கூட அது எப்படி நடக்கிறது என்று எனக்கு விளங்குவதில்லை.

சேம்பர் மியூசிக், அதாவது சிலர் மட்டும் சேர்ந்து வாசிக்கும் இசை, எனக்குப் பிடிபட்டது ஒரே ஒரு கார்டில்தான். பல ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிப்பதுதான் கார்டு. சேர்ந்து ஆறு மாதம் இருக்கும். செல்லோவில் சி, முதல் வயலினில் ஜி, நடுவே என் கையில் ஈ. நமக்குப் பழகிய பேச்சில் சொன்னால் அவர்கள் ஷட்ஜமமும் பஞ்சமமும். என்னுடையது அந்தர காந்தாரம். நான் வயலின் பழக்கத்தில் வைப்ராட்டோவை, விரலை அசைத்து ஸ்வரத்தை நடுங்கவைப்பதை, நிறையப் போட்டு, ஸ்வரம் அழகாகக் கேட்க வேண்டும் என்று வாசித்துக்கொண்டிருந்தேன். செல்லோக்காரர் வில்லை எடுக்காமலே, "வைப்ராட்டோ வேண்டாம், சும்மா பிடியுங்க" என்றார். பிடித்தேன். அப்போதுதான் கேட்டது, மூன்று ஸ்வரங்களுக்கும் நடுவே ஒரு அலை அடித்துக்கொண்டிருந்தது. வேகமான, எரிச்சலான அலை. விரலை நகர்த்தாமல் நுனியை மட்டும் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்தேன். அலை மெதுவாயிற்று. இன்னும் கொஞ்சம். நின்றே போயிற்று. அந்த நொடியில் அறையின் ஒலியே மாறியது. நாங்கள் வாசிக்காத கீழ் ஸ்வரம் ஒன்று தரைக்கடியிலிருந்து எழுவது போலக் கேட்டது.

பியானோவில் இருக்கும் அந்தர காந்தாரம், அலையடிக்காமல் சேரும் அந்தச் சுத்தமான காந்தாரத்தைவிடக் கிட்டத்தட்ட 14 சென்ட் உயரம். அரை ஸ்வரத்தை நூறு பங்காக்கினால் அதில் பதினான்கு. கேட்க அற்பமாகத் தோன்றும். நால்வர் சேர்ந்து வாசிக்கும் இடத்தில், கார்டு மூடிக்கிடப்பதும் திறந்துகொள்வதும் அந்தப் பதினான்கில்தான் இருக்கிறது. பெரும்பாலும் அது வியோலாவின் கையிலோ இரண்டாம் வயலினின் கையிலோ வந்து சேரும். அதே ஈ அடுத்த வரியில் எஃபை நோக்கி ஏறும் மெட்டாக வந்தால் அதை உயர்த்தித்தான் வாசிக்க வேண்டும், இல்லையென்றால் மெட்டு செத்துவிடும். ஒரே ஸ்வரம், இரண்டு இடத்தில் இரண்டு உயரம். சுருதி காட்டும் கருவியை ஒத்திகை அறைக்குள் கொண்டுவரவே கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். அதன் முள் நடுவில் நிற்கும், கார்டு அழுதுகொண்டிருக்கும்.

இன்னொன்று, தொடங்கும் முன் தந்திகளைச் சேர்ப்பது. என் சி தந்தியிலிருந்து ஜி, டி, ஏ, பிறகு வயலினின் ஈ வரை ஒவ்வொரு படியையும் சுத்தமான பஞ்சமமாக ஏற்றிக்கொண்டே போனால், கடைசியில் வரும் ஈ என் சி-யோடு சண்டை போடும். சுமார் 22 சென்ட் அதிகமாகியிருக்கும். அதனால் ஒவ்வொரு பஞ்சமத்தையும் துளித்துளியாகக் குறுக்கிக்கொள்கிறோம். எவ்வளவு குறுக்குவது என்பதில் எங்கள் குழு ஒரு வருடம் ஒத்துப்போகவில்லை.

ஒத்துப்போகாமல் இருப்பதும் இந்த வேலையில் ஒரு பகுதி. ஆர்கெஸ்ட்ராவில் கண்டக்டர் சொன்னால் முடிந்தது. இங்கே நான்கு பேர், நான்கு அபிப்பிராயம். இரண்டுக்கு இரண்டு என்று பிரிந்தால் ஒரு கச்சேரியில் ஒன்று, அடுத்ததில் மற்றது என்று வைத்துக்கொண்டோம். வீம்புக்காகச் சொன்னவை எல்லாம் மேடையில் தானாகவே உதிர்ந்துவிடும். வருமானம் தனிக்கதை. குவார்ட்டெட் மட்டும் சோறு போடாது. பாடம் சொல்லிக்கொடுத்தேன், ஆர்கெஸ்ட்ராவில் ஆள் குறையும்போது போய் வாசித்தேன்.

நடுக்குரல் என்றால் பின்னால் நிற்பது என்று நினைப்பவர்களிடம் நான் இசையமைப்பாளர் மொசார்ட்டைத்தான் காட்டுவேன். அவரே நண்பர்களோடு குவார்ட்டெட்டில் வியோலா வாசித்தவர். 1787-இல் ஐவர் வாசிக்க அவர் எழுதிய ஜி மைனர் குவின்டெட்டில் இரண்டு வியோலாக்கள். தொடக்கத்தில் இரு வயலின்களுக்கும் அடியில் முதல் வியோலா அஸ்திவாரமாக நிற்கிறது. அடுத்து அதே மெட்டு இருண்ட குரலில் திரும்புகிறது. இப்போது வியோலா மேலே, இரண்டாம் வியோலாவும் செல்லோவும் கீழே. அடித்தளம் சில நொடிகளில் கூரையாகிவிடுகிறது. நடுவில் உட்கார்ந்து வாசித்தவருக்குத்தான் இது தோன்றும். இன்னொரு இசையமைப்பாளர் பிராம்ஸ் தன் மூன்றாவது குவார்ட்டெட்டின் மூன்றாம் பகுதியில் மற்ற மூவருக்கும் ஒலியை அடக்கும் மியூட் போட்டுவிட்டு வியோலாவை மட்டும் திறந்த குரலில் பேசவிட்டார்.

இசையமைப்பாளர் ட்வோர்ஷாக்கும் வியோலாக்காரர். 1893-இல் எழுதிய 'அமெரிக்கன்' குவார்ட்டெட்டில், வயலின்கள் மெல்லச் சலசலக்க, மூன்றாவது பாரில், அதாவது மூன்றாவது தாளக் கட்டத்தில், முதல் மெட்டு வியோலாவுக்கு வருகிறது. நம் மோகனத்தின் அதே ஐந்து ஸ்வரங்கள். நான் முதன்முதலாக அதை மேடையில் வாசித்தபோது கை சில்லிட்டுப் போயிருந்தது. வில் நடுங்கியது, முதல் ஸ்வரம் உடைந்தது. அதை மறைக்கப் பலமாக அழுத்தினேன், மெட்டு கத்தலாயிற்று. முதல் வயலின் அதற்கு மேல் கத்த வேண்டியதாயிற்று, அந்தப் பகுதி முழுவதும் யாரும் இறங்கவே இல்லை. கச்சேரி முடிந்து யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

38 வயதில் இடது தோள் பழுதானது. 43 சென்டிமீட்டர் வாத்தியத்தைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் தூக்கியதன் கூலி. கையை உயர்த்தித் தலை வாரக்கூட முடியாமல் நான்கு மாதம் இருந்தேன். பிறகு 40.5-க்கு மாறினேன். தோள் தேறியது. பழைய வாத்தியத்தின் சி தந்தி என் தாடை எலும்பு வழியாக மார்புக்குள் இறங்கும். புதியதில் அது இல்லை. அந்த இழப்பை நான் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

போன ஆண்டு எங்கள் இரண்டாம் வயலின் விலகினார். பதினெட்டு ஆண்டுகளாக என் இடது காதுக்குப் பக்கத்தில் ஒலித்த குரல். அவருக்குப் பதில் வந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது, அருமையான விரல்கள். முதல் ஒத்திகையில் இசையமைப்பாளர் ஹைடனின் மெதுவான பகுதி ஒன்றை எடுத்தோம். ஒரு கார்டில் செல்லோக்காரர் வில்லை எடுக்காமல் நின்றார். இந்த முறை காந்தாரம் அந்தப் பெண்ணிடம், என்னிடம் பஞ்சமம். என் வேலை அசையாமல் பிடித்திருப்பது. "வைப்ராட்டோ இல்லாம ஒருதரம்" என்றேன். வைப்ராட்டோவை நிறுத்தினாள். அலை கேட்டது. எதுவும் சொல்லாமல் வில்லை நிதானமாக ஓட்டிக்கொண்டிருந்தேன். அவள் கண்ணை மூடினாள். விரல் நகரவில்லை, நுனி மட்டும் சாய்ந்தது.

அலை நின்றது. அவள் சட்டென்று கண் திறந்து தரையைப் பார்த்தாள். செல்லோக்காரர் பக்கத்தைத் திருப்பினார்.