பழைய நாடாளுமன்றத்தின் எதிரே ஒரு தூதரகம்

ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் மதில் சூழ்ந்த தூதரகங்களைப் பேருந்தின் சன்னல் வழியே பார்த்தபடி வந்த எனக்கு, பழைய நாடாளுமன்றக் கட்டடத்தின் எதிரேயுள்ள புல்வெளியில் வாயிற்காவலரே இல்லாத ஒரு தூதரகம் காணக் கிடைத்தது. சில கூடாரங்கள், கறுப்பும் சிவப்புமான பின்னணியில் மஞ்சள் வட்டம் தாங்கிய கொடி, சாம்பல் பூத்த குழியில் புகைந்துகொண்டிருந்த யூகலிப்டஸ் தழை. அந்த நெடி மாலைவரை என் சட்டையை விட்டுப் போகவில்லை.

1972 ஜனவரியில், ஆஸ்திரேலிய தினத்தை ஒட்டிப் பிரதமர் வில்லியம் மக்மேகன், பூர்வகுடியினருக்கு நில உரிமை கிடையாது, வேண்டுமானால் குத்தகை தரலாம் என்று அறிவித்தார். உடனே சிட்னியிலிருந்து காரில் வந்த நான்கு இளைஞர்கள் இங்கே ஒரு கடற்கரைக் குடையை நட்டு, பிறந்த மண்ணிலேயே அந்நியராக நடத்தப்படும் தங்களுக்கும் ஒரு தூதரகம் வேண்டும் என்றார்கள். கேலிபோலத் தொடங்கிய அந்தச் சொல்தான் அவர்களுடைய மிகக் கூர்மையான ஆயுதம் என்று எனக்குத் தோன்றுகிறது. புல்வெளியில் கூடாரம் அடிப்பதைத் தடுக்க அப்போது சட்டமே இல்லாததால் அரசு ஆறு மாதம் கையைப் பிசைந்துகொண்டிருந்தது. ஜூலை 20 அன்று விதியைத் திருத்திய கையோடு காவலர்களை அனுப்பியது. பிடுங்கப்பட்ட கூடாரம் சில நாள்களிலேயே மறுபடியும் எழுந்தது.

எதிரேயுள்ள வெள்ளைக் கட்டடம் 1927இல் திறக்கப்பட்டது. அதற்கு மறு ஆண்டுதான், வட ஆட்புலத்தின் கோனிஸ்டன் பகுதியில், ஒரு காவலரின் தலைமையில் குதிரைகளில் சென்ற குழுவினர் வார்ல்பிரி பூர்வகுடி மக்களையும் அண்டைக் குடியினரையும் வேட்டையாடினர். இறந்தவர்கள் 31 பேர் என்று அரசின் கணக்கே ஒப்புக்கொள்கிறது. உண்மை எண்ணிக்கை இதைவிடப் பல மடங்கு என்கிறார்கள் அம்மக்கள். விசாரணை வாரியமோ எல்லாச் சாவுகளும் நியாயமானவையே என்று கூறிக் கோப்பை மூடியது. தாயின் மடியிலிருந்து பூர்வகுடிப் பிள்ளைகளைப் பறித்துச் சென்ற அரசின் கொள்கைக்கு நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்பதற்கு 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கட்டடத்தின் படிகளில் நின்று பார்த்தால், ஏரிக்கு அப்பால் நேர்க்கோட்டில் போர் நினைவகம் தெரிகிறது. சுற்றுலாப் பயணிகள் பலரும் அந்தக் காட்சியைத்தான் படமெடுத்தார்கள், கூடாரங்கள் சட்டகத்துக்குள் வராதபடி.

நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை கூறும் பூர்வகுடியினர் அமைப்பை அரசியல் சாசனத்தில் சேர்ப்பதற்கான பொதுவாக்கெடுப்பு, 2023 அக்டோபர் 14 அன்று ஆறு மாநிலங்களிலும் தோற்றது. அதைப் பற்றித் தீயைக் காத்துக்கொண்டிருந்த பெரியவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "நாங்கள் கேட்பது அரசோடு ஓர் ஒப்பந்தம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பக்கத்தில் குவித்திருந்த தழையிலிருந்து ஒரு கொத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் அதைத் தீயில் இட்டேன்.