அம்மாப்பேட்டைத் தறிக்கூடத்தில் பிறந்த ராக் குழு: நாட்குறிப்பு

ஜூலை 6, 2024

சேலத்தில் 1998இல் தொடங்கி மறு ஆண்டே கலைந்துபோன எங்கள் ராக் குழுவின் வரலாற்றை, உடனிருந்தவர்களின் நினைவு மங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று இன்று உட்கார்ந்திருக்கிறேன். கிட்டார் வாசித்தவரே பாடுவார். கீழ்ச்சுருதி ஒலிகளை வாசிக்கும் பேஸ் கிட்டாருக்கு ஒருவர், டிரம்ஸுக்கு ஒருவர், கீபோர்டு எனக்கு. அம்மாப்பேட்டையில் பேஸ் நண்பருடைய தாத்தாவின் தறிக்கூடமே எங்கள் பயிற்சிக்கூடம். டிரம்ஸ் அதிர்ந்தால் தறியின் பாவு நூல் அறுந்துவிடும் என்று தாத்தா அஞ்சியதால், டிரம்மர் மட்டும் திண்ணையில் அமர்ந்து, எங்களைச் சன்னல் வழியே பார்த்துத் தாளம் பிடித்தார். ஒரு நாள் பாட்டி டீயைக் கொடுத்துவிட்டு, “தறி ஓடுனா சேலை வரும் கண்ணு, இது ஓடுனா என்ன வரும்?” என்று கேட்டார். பேஸ் நண்பர், “பேரு வரும் பாட்டி” என்றார். இரண்டாவது டம்ளர் டீ வந்தது.

ஜூலை 14, 2024

ஆடி பிறக்கப்போகிறது. கோட்டை மாரியம்மன் திருவிழாவை ஒட்டிச் சேலத்துத் தெருக்களெல்லாம் ஒலிபெருக்கி கட்டும் மாதம் இது. எங்கள் முதல் மேடையும் ஓர் ஆடியில், ஒரு தெருக்கோயிலில்தான் அமைந்தது. மைக்செட் அண்ணன் கட்டியிருந்தவை கூம்பு ஒலிபெருக்கிகள். பேச்சும் நாதஸ்வரமும் தெருமுனை வரை போவதற்கென்றே அமைந்த அவற்றில் கீழ்ச்சுருதி ஒலிகள் ஏறக்குறைய வெளிவரவே வராது. பேஸ் நண்பர் உயிரைக் கொடுத்து வாசித்தும் தெருவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் பெரியவர் ஒருவர், “தம்பிக்கு எப்பப்பா வாசிக்க விடுவீங்க?” என்று அவருக்காக எங்களிடம் பரிந்து பேசினார்.

அன்று எங்களைக் காப்பாற்றியது மாரியம்மன் பாட்டு. கூட்டம் அம்மன் பாட்டு கேட்டபோது, கிட்டார்காரர் டிஸ்டார்ஷனை (கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் வசதி) அணைக்காமல் வெறும் ச–ப சேர்த்து மீட்டினார். ராக் இசையின் பவர் கார்டு என்பது அடிச்சுரமும் பஞ்சமமும் மட்டுமே. இடையில் காந்தாரத்தை (க) சேர்த்தால் டிஸ்டார்ஷனில் ஒலி கலங்கிவிடும்; அது இல்லாததால் எந்தக் காந்தாரத்தில் பாடினாலும் பாட்டோடு மோதாது. தம்பூராவின் மேல் பாடுவதைப் போலத் தாய்மார்கள் அதன்மேல் தடையின்றிப் பாடினார்கள், பம்பைக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். நாங்கள் வாசித்தவற்றில் முழுமையானது அதுதான் என்று இன்றும் நம்புகிறேன்.

ஜூலை 21, 2024

ஏற்காட்டு நிகழ்ச்சியைப் பற்றி இன்று கிட்டார்காரரிடம் நெடுநேரம் பேசினேன். 1998 டிசம்பர் 31 இரவு, ஒரு விடுதிப் புல்வெளியில் வாசிக்க அழைத்திருந்தார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் டிரம்மர் கண்ணை மூடிக்கொண்டு, கையில் எலுமிச்சம்பழத்தோடு வந்தார். சேலத்து வெயிலில் சுருதி சேர்த்த கிட்டார், சுமார் 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில் கம்பிகள் சுருங்கி மேலேறி நின்றது. கீபோர்டின் சுருதியோ குளிருக்கு அசையவில்லை. மறுபடி சேர்த்து வாசித்தால், விரல் சூட்டில் கம்பி தளர்ந்து சுருதி இறங்கியது. பாட்டுக்குப் பாட்டு அவர் சுருதி சேர்த்துக்கொண்டிருக்க, நான் நிரப்பிய கீபோர்டு இசையைத்தான் விருந்தினர்கள் அதிகம் கைதட்டி ரசித்தார்கள். கிட்டார்காரருக்கு அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

ஜூலை 28, 2024

கலைந்த கதை சிறியது. பேஸ் நண்பருக்குத் திருப்பூரில் வேலை கிடைத்தது. டிரம்ஸை ஒரு கல்யாணக் கச்சேரிக் குழு விலைக்கு வாங்கிக்கொண்டது.

ஆனால் மைக்செட் அண்ணன், அந்த ஆடி நிகழ்ச்சியை மைக்குகளின் ஒலியைக் கலக்கும் மிக்சர் கருவியிலிருந்து நேரடியாகப் பதிவு செய்த கேசட்டை இத்தனை ஆண்டுகள் பத்திரப்படுத்தியிருக்கிறார். ஒலி கூம்புக்குப் போவதற்கு முன்பே பதிவானதால் பேஸ் கிட்டார் ஒவ்வொரு சுரமும் தெளிவாகக் கேட்கிறது. தொலைபேசியிலேயே அதைப் பேஸ் நண்பருக்குப் போட்டுக் காட்டினேன். முழுவதையும் கேட்டு முடித்தவர், “ரெண்டாவது சரணத்துல நான் சரியாத்தான் வாசிச்சிருக்கேன், டிரம்ஸ்தான் முந்திப் போயிருக்குது, இதையும் எழுதிரு” என்றார். அவர் சொன்னது உண்மை. எழுதிவிட்டேன்.