பிரஸ்ஸில் பத்து நிமிடம், ஓவனில் ஒரு நாள்

சேதராப்பட்டில் ஒரு சின்ன ரப்பர் பட்டறையில் வேலை பார்க்கிறேன். போன மழைக்காலத்தில் கடலூர் சிப்காட்டிலிருந்து ஒரு கெமிக்கல் கம்பெனிக்காரர்கள் பம்புக்கு எஃப்.கே.எம். சீல் கேட்டு வந்தார்கள், அதாவது எல்லோரும் விட்டான் என்று சொல்கிற ரப்பர். அதுவரை நாங்கள் அடித்தது நைட்ரைல் என்கிற சாதாரண ரப்பர்தான், சூட்டில் அமுக்கி வார்க்கிற பிரஸ்ஸிலிருந்து எடுத்துப் பிசிறு வெட்டினால் மூட்டை கட்டிவிடலாம்.

இதையும் அப்படியே செய்தோம். 177 டிகிரி, 10 நிமிடம். பார்க்க அருமையாக இருந்தது. ஆனால் 12.5 மி.மீ. சோதனை வில்லையை 9.5 மி.மீ.க்கு அமுக்கி 200 டிகிரியில் 70 மணி நேரம் வைத்து, எடுத்து அரை மணி ஆறவிட்டு அளந்தால் 11 மி.மீ.தான் நின்றது. அமுக்கியதில் பாதி திரும்பவே இல்லை, இப்படிப்பட்ட சீல் இரண்டே வாரத்தில் ஒழுக ஆரம்பித்துவிடும்.

பிரஸ்ஸில் ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு நடுவே குறுக்குப் பிணைப்பு ஓரளவுதான் விழுகிறது, மிச்சம் ஓவனில் விழ வேண்டும், பிணைப்பு விழும்போது உண்டாகிற நீரும் அங்கேதான் வெளியேறும். இது தெரிந்ததும் அவசரத்தில் ஒரு காரியம் செய்தேன். 230 டிகிரியில் கொதித்துக்கொண்டிருந்த ஓவனுக்குள் 20 மி.மீ. தடிமன் சீல்களை நேராக அடுக்கிவிட்டேன். மறுநாள் ஒன்றை வெட்டிப் பார்த்தால் உள்ளே ஆப்பத்தின் நடுப்பக்கம் மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, கழிவை எடை மிஷினில் வைத்து ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார், திட்டியிருந்தால் தேவலை.

காம்பவுண்டு, அதாவது ரப்பர் கலவை தருகிறவர் போனில் சொன்னார், "தம்பி, உள்ள இருக்கறது வெளிய வர வழி விடணும், படிப்படியா ஏத்து." சரி என்று 100, 150, 180, 200 என ஒவ்வொன்றிலும் இரண்டு மணி நேரம் நிறுத்தி, அப்புறம் 230-ல் 24 மணி நேரம். ஓவன் புகையில் ஹைட்ரஜன் ஃப்ளூரைடு என்கிற நச்சு வாயு கொஞ்சம் வரும் என்பதால் முதலில் புகைக்குழாயைக் கூரைக்கு மேலே ஏற்றினோம். நடுராத்திரி மூன்று மணிக்குக் கரண்டு போய் ஜெனரேட்டர் கிளம்புவதற்குள் ஓவன் 160-க்கு இறங்கிவிட்டது, மறுபடி மெல்ல ஏற்றி, போன நேரத்தைக் கடைசியில் கூட்டிக்கொண்டேன்.

இந்தத் தடவை வில்லை 11.9 மி.மீ.க்குத் திரும்பியது. அறாமல் தாங்கும் இழுவிசை கூடியது, அறும்வரை நீளும் நீட்சி மட்டும் கொஞ்சம் குறைந்தது. சீலின் உள்விட்டமும் எதிர்பார்த்ததைவிடச் சுருங்கியிருந்ததால் டையை, அதாவது சீல் வார்க்கும் அச்சை, திரும்ப லேத்துக்கு அனுப்பினோம்.