புகைந்துபோன நெபுலைசர்

எங்கள் ஊர் காவேரிப்பட்டணம், சுற்றிலும் மாந்தோப்பு. தை, மாசியில் மாம்பூ பூத்துவிட்டால் அம்மாவுக்கு வீசிங் வந்துவிடும், அதுவும் சரியாக ராத்திரி இரண்டு மணிக்கு. அதற்காகவே நியூஜெர்சியில் இருக்கும் அக்கா போன வருடம் ஒரு நெபுலைசர், அதாவது மருந்தைப் புகைபோல ஆக்கி மூச்சில் இழுக்க வைக்கும் மிஷின், வாங்கி வந்தாள். முதல் தடவை போட்டபோதே புகைந்துபோனது. தப்பு மிஷின்மேல் இல்லை, என்மேல்தான்.

அப்பாவுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். அதற்காக மாஸ்க் வழியே காற்றை அழுத்தித் தரும் அவருடைய சிபேப் மிஷினும் அக்கா கொடுத்ததுதான், அமெரிக்கத் தட்டைப் பின். கிருஷ்ணகிரியில் நான் வாங்கிய ஒரு சின்ன அடாப்டரில் செருகி இரண்டு வருடமாக ஓடுகிறது, ஒரு கோளாறும் இல்லை. அதே பின், அதே அடாப்டர், அப்புறம் என்ன என்று நெபுலைசரையும் அதிலேயே செருகினேன். பயங்கரமாக இரைந்தது. "அமெரிக்கா மிஷின், பவர் ஜாஸ்தி போல" என்று மாஸ்க்குக்குள்ளிருந்து அம்மாவே சொன்னார். இரண்டு நிமிடத்தில் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள், அந்தக் காயில், கருகும் வாசம். சுவிட்சை அணைத்து மாஸ்க்கைப் பிடுங்கிவிட்டேன். அன்றைக்கு இன்ஹேலரும் அதில் மாட்டி மருந்தை இழுக்கும் ஸ்பேசர் குழாயும் கையில் இருந்ததால் சமாளித்தோம்.

மறுநாள் எலக்ட்ரீஷியன் அண்ணன் மிஷினைத் திருப்பி அடியில் ஒட்டியிருந்ததைக் காட்டினார். 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் (கரண்ட் ஒரு நொடிக்கு எத்தனை முறை முன்னும் பின்னும் மாறுகிறது என்ற கணக்கு). "அடாப்டர் பின்னைத்தானுங்க மாத்தும், கரண்ட்டையா மாத்தும்?" அப்பா மிஷினின் சார்ஜர் கட்டையில் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறது, லேப்டாப் சார்ஜர் மாதிரி. அது எங்கே போனாலும் தானே சரிசெய்துகொள்ளும். நெபுலைசருக்குள் இருந்தது நேரே கரண்ட்டில் ஓடும் மோட்டார். நம் வீட்டில் வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வோல்ட் இரண்டு மடங்கை நெருங்கினால் காயிலில் ஏறும் சூடு நான்கு மடங்கை நெருங்கும், கருகாமல் என்ன செய்யும்!

ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் போட்டால் ஓடாதா என்று கேட்டேன். வோல்ட் குறையும், ஆனால் 60 ஹெர்ட்ஸ் வராது, மோட்டார் மெதுவாகச் சுற்றிச் சூடாகும், மருந்தும் சரியாகப் புகையாக வராது. ஹேர் டிரையருக்கென்று விற்கிற லேசான கன்வெர்ட்டரை இந்த மாதிரி மிஷினுக்கு வைக்கவே கூடாதாம். 1,800 ரூபாய்க்கு இங்கேயே புதுசு வாங்கிவிட்டோம், டிரான்ஸ்பார்மரைத் தூக்கிக்கொண்டு அலைவதற்கு இது எவ்வளவோ மேல்.

இன்னொன்று. 2021 கொரோனா அலையில் வெளிநாட்டிலிருந்து வந்த ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மிஷின்) உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால், எடுத்து பிளக்கில் செருகுமுன் அதில் வோல்ட் போட்டிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். மூணு பின் பிளக் இருந்தால் எர்த் பின்னை வெட்டிவிட்டு இரண்டு பின் அடாப்டரில் திணிக்காதீர்கள். சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருக்கிற மிஷினுக்குத்தான் எர்த் இல்லாமல் ஓடும் வசதி. அடாப்டர் லொடலொடவென்று ஆடினால் தூக்கிப் போடுங்கள், ராத்திரி முழுக்க ஓடுகிற மிஷினுக்கு அது ஆகாது.

இப்போது அப்பாவும் அம்மாவும் அக்கா வீட்டுக்குக் கிளம்புகிறார்கள். சிபேப் கூடவே போகிறது. அம்மா பெட்டியில் வைத்த புது நெபுலைசரை நான் வெளியே எடுத்துவிட்டேன், 230 வோல்ட் மிஷின், அங்கே 120-இல் முக்கி முனகும். அக்காவை அங்கேயே ஒன்று வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறோம், திரும்பி வரும்போது பாசமாகக் கட்டிக் கொடுத்து அனுப்பாதே என்றும்.