"அம்மா பல்லு மட்டும் வெள்ளையா இருக்கு, சார்"

எட்டாம் வகுப்பில் பற்களைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தேன். பற்பசையில் ஃபுளோரைடு சேர்ப்பது எனாமலைக் கெட்டிப்படுத்தி, சொத்தை விழாமல் காக்கத்தான் என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"சார், அப்போ எங்க ஊரு போர் தண்ணி குடிச்சா பல்லு நல்லாத்தானே இருக்கணும்? அதுல ஃபுளோரைடு இருக்கு, குடிக்காதீங்கன்னு சொல்றாங்களே?"

கேட்டு முடித்ததும் வாயைக் கையால் மறைத்துக்கொண்டாள். அவளுடைய முன்பற்களில் பழுப்புக் கறை வரிவரியாக ஓடும். பென்னாகரம் பக்கத்துப் பள்ளி எங்களுடையது. பேசும்போது கையை வாய்க்குக் கொண்டுபோவது இங்கே பல பிள்ளைகளுக்கு வழக்கம். தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்துப் பாறைகளில் உள்ள கனிமங்கள் கரைந்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு ஏறிவிடுகிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேல் போனால் பல்லில் கறை, பிறகு எலும்பிலும் மூட்டிலும் வலி. ஜப்பான் கடனுதவியோடு 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். ஆனாலும் பாடத்தில் ஃபுளோரைடு நல்லது என்று நடத்தும்போது, எதிரில் இருந்த நாற்பது வாய்களை நான் நினைக்கவில்லை. அவள் நினைத்தாள்.

அந்த நிமிடத்தில் எனக்கு வேறொரு பையனின் முகம்தான் வந்தது. அரசுப் பணிக்கு வருவதற்கு முன் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் விடுதிப் பள்ளியில் சில வருடம் வேதியியல் நடத்தினேன். மாநில ரேங்க்குக்காகவே பிள்ளைகளைத் தேடித் தேடிச் சேர்த்த காலம். பிளஸ் ஒன் புத்தகம் பெட்டியில் புத்தம்புதிதாகவே கிடக்கும். சேர்ந்த முதல் மாதத்திலேயே பிளஸ் டூ பாடம் தொடங்கிவிடும், அதையே இரண்டு வருடம் படிப்பார்கள். விடியுமுன் எழுப்பிவிடுவோம். தினமும் ஸ்லிப் டெஸ்ட். புத்தகத்தில் உள்ள வரி மாறினால் அதை ஐந்து தடவை எழுத வேண்டும். புளூபிரின்ட் பார்த்து, எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண் வரும் என்று கணக்குப் போட்டு, மீதிப் பாடத்தைத் தள்ளிவிடுவோம்.

ஒருநாள் கால்சியம் கார்பைடில் தண்ணீர் பட்டால் அசிட்டிலீன் வரும் என்ற சமன்பாட்டை எழுதிப் போட்டேன். போச்சம்பள்ளி பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் வீட்டுப் பையன் ஒருவன் கேட்டான்: "சார், மண்டியில மாங்காய பழுக்க வைக்கிற கல்லு இதுதானே? பழத்துலருந்து தானா வர்றது எத்திலீன்னு படிச்சோம். அசிட்டிலீன் எப்படி சார் அந்த வேலைய செய்யுது?"

"பரீட்சைக்கு வராது. உட்காரு" என்றேன்.

அவன் கேட்டது மிகச் சரியான கேள்வி. இரண்டு மூலக்கூறுகளும் அமைப்பில் நெருங்கியவை. அதனால் எத்திலீன் செய்யும் வேலையை அசிட்டிலீனும் ஓரளவு செய்துவிடுகிறது. வீட்டுத் தோப்பையும் கரும்பலகையையும் அவனே சேர்த்துப் பார்த்திருந்தான். அந்த ஒரு வாரத்தில் அந்த வகுப்பில் நடந்த உண்மையான வேதியியல் அது ஒன்றுதான், அதை நான் உட்கார வைத்துவிட்டேன். அதன் பிறகு அந்த வருடம் முழுக்க அவன் எதுவும் கேட்கவில்லை. நல்ல மதிப்பெண் வாங்கினான் என்று எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். இன்றுவரை அந்தப் பாராட்டு எனக்கு வலிக்கிறது.

அதனால் இந்தப் பெண்ணை உட்காரச் சொல்ல வாய் வரவில்லை. "எனக்கும் முழுசாத் தெரியல பாப்பா, பார்த்துட்டு வருவோம்" என்றேன். அவரவர் வீட்டில் யார் யாருக்குப் பல்லில் கறை இருக்கிறது, சின்ன வயதில் எந்தத் தண்ணீர் குடித்தார்கள், கிணறா, போரா, ஒகேனக்கல் குழாயா என்று ஒரு நோட்டில் எழுதி வரச் சொன்னேன். பத்து நாள் ஆனது. போர்ஷன் பின்னால் நின்றது.

நோட்டுகளைப் பார்த்தபோது நான் எதிர்பார்த்தது இருந்தது. ஆழமாகப் போர் போட்ட வீடுகளில் கறை அதிகம். எதிர்பார்க்காத ஒன்றும் இருந்தது. அதையும் கண்டுபிடித்தது அவள்தான்.

"எங்க பாட்டிக்குக் கறை இல்ல சார், அவங்க காலத்துல போர் இல்ல, கிணத்துத் தண்ணி. அப்பாவுக்கு இருக்கு. எனக்கு, தம்பிக்கு இருக்கு. ஆனா அம்மா பல்லு மட்டும் வெள்ளையா இருக்கு சார். கல்யாணம் ஆகி பதினஞ்சு வருஷமா அம்மாவும் இதே தண்ணிதான் குடிக்கிறாங்க."

வகுப்பு அமைதியாகிவிட்டது. எனக்கும் பதில் தெரியாது. தெரிந்த பல் மருத்துவர் ஒருவரிடம் கேட்டேன். எனாமல் உருவாவது சிறு வயதில்தான், ஏறக்குறைய எட்டு வயதுக்குள். அப்போது அதிக ஃபுளோரைடு உடம்பில் சேர்ந்தால்தான் இந்தக் கறை வரும். வளர்ந்தபின் வேறு ஊரிலிருந்து வாழ வந்தவர்களின் பல் தப்பிவிடும், ஆனால் எலும்பு தப்பாது என்றார். மறுநாள் இதை நான் சொன்னதும் அவள் கேட்டது, "அப்போ எங்க அம்மா முட்டிவலின்னு சொல்றது?" டாக்டரிடம் காட்டச் சொல் என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு அறிவு இல்லை.

அரையாண்டுத் தேர்வில் ஃபுளோரைடின் பயனைக் கேட்டு இரண்டு மதிப்பெண் வினா. விடைக்குறிப்பில் ஒரே வரி, பல் சிதைவைத் தடுக்கிறது. அவள், "அளவோடு இருந்தால் பல்லைக் காக்கும், எங்கள் ஊரில் அளவு மீறியதால் கெடுத்தது" என்று எழுதி, கீழே வீட்டில் உள்ளவர்களின் பட்டியலையும் போட்டிருந்தாள். நான் இரண்டும் போட்டேன். குறிப்பில் இல்லாததற்கு எப்படி முழு மதிப்பெண் என்று கேட்டார்கள். பேசிப் புரியவைத்தேன். எல்லோருக்கும் புரிந்தது என்று சொல்ல மாட்டேன்.

பொதுவான வினாத்தாளும் பொதுவான விடைக்குறிப்பும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கோ ஒரு மாவட்டத்தில் இருந்து இந்தப் பிள்ளையின் தாளைத் திருத்துபவருக்கு அவள் யாரென்று தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அவளுக்குப் பாதுகாப்பு. ஆனால் அந்த ஒரு வரியே பாடமாகி, அதை நோக்கி வருடம் முழுக்கப் பிள்ளைகளை ஓட்டுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. 2017-இல் ரேங்க் அறிவிப்பை அரசு நிறுத்தியபோது மனதார மகிழ்ந்தேன். பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்ததால் அந்தப் பாடத்தைத் திறந்தாவது பார்த்தார்கள். 2025-இல் அந்தத் தேர்வை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளின் பாரம் குறைவது நல்லதுதான். ஆனால் பிளஸ் ஒன் புத்தகம் மறுபடி பெட்டிக்குள் போய்விடுமோ என்ற பயம், அதை உள்ளிருந்து பார்த்த எனக்கு இருக்கிறது.

அந்த நோட்டு இப்போது ஆய்வக அலமாரியில் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் எட்டாம் வகுப்பு அதில் சில பக்கம் சேர்க்கிறது. இந்த வருடம் ஆடு மேய்க்கும் வீட்டுப் பையன் ஒருவன் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறான்: "எங்க ஆடுங்களும் இந்தத் தண்ணிதான் குடிக்குது. சந்தையில வயசு பார்க்க எங்க அப்பா ஆட்டுப் பல்லத்தான் பார்ப்பாரு. அதுல கறை இருக்கான்னு அவர கேட்கலாமா சார்?"

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடுக்கு அவனுடைய அப்பா இரண்டு ஆடுகளோடு வருகிறார்.