மூன்றாவது மரியே

காந்திபுரத்தில் பஸ் ஏறும்போதே மனதுக்குள் கணக்கு ஓடியது. 11 வருடம் பாவசங்கீர்த்தனம், அதாவது சாமியாரிடம் பாவ அறிக்கை, செய்யாதவனுக்கு சாமி என்ன ஜெபத்தை அபராதமாகக் கொடுப்பார்? முழு ஜெபமாலையாவது இருக்கும்.

கருமத்தம்பட்டி ஜெபமாலை அன்னை ஆலயம் 2019-ல் போப்பாண்டவர் தரும் பசிலிக்கா என்ற சிறப்புப் பட்டம் பெற்றது. எங்களுக்கு இன்னமும் மாதா கோவில்தான். அக்டோபர் மாதம், ஜெபமாலை மாதம், அதிலும் ஞாயிறு. சோமனூர் பக்கம் தறி ஓட்டுகிறவர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். எனக்குக் கூட்டம் ஆகாது. அன்று மட்டும் ஒளிந்துகொள்ள வசதியாக இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆத்தா விடவில்லை. "சாமி உக்காந்திருக்காரு கண்ணு, வரிசையே இல்ல, போய்ட்டு வந்துரு."

தோட்டத்துக் கிணற்றுக்காகத் தம்பியோடு போட்ட சண்டை, அப்பா சாவில்கூட அவன் முகத்தைப் பார்க்காதது, எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். பாதியில் தொண்டை அடைத்துவிட்டது. சாமி அவசரப்படுத்தவில்லை. கடைசியில் கொடுத்த அபராதம், மூன்றே மூன்று 'அருள் நிறைந்த மரியே' என்ற மாதா ஜெபம். கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. பைபிளில் லூக்கா 15-ல், சொத்தை அழித்துவிட்டு வீடு திரும்பும் இளைய மகனும், கூலியாளாக வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் புறப்பட்டு வருகிறான். அந்த வரியைச் சொல்வதற்குள் தகப்பன் நல்ல உடுப்பைக் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார்.

இரண்டு சொல்லி முடித்ததும் பூசை மணி அடித்துவிட்டது. 'ஆண்டவரே இரக்கமாயிரும்' முடிந்த கையோடு 'உன்னதங்களிலே' தொடங்கும். சின்ன வயதிலிருந்து பாடுகிறேன். அந்த மாட்சிப் பாட்டின் நடுவிலும் 'இரக்கமாயிரும்' வருகிறது என்பது அன்றுதான் காதில் விழுந்தது.

பொன் கன்றுக்குட்டியைக் கும்பிட்ட ஜனங்களுக்காக மன்றாடிவிட்டுத்தானே மோசே, 'உம் மாட்சியைக் காட்டும்' என்று கேட்டார்? ஆண்டவர் அவரைப் பாறைப் பிளவில் நிறுத்தி, தம் நன்மை முழுவதையும் கடந்துபோகச் செய்வதாகச் சொன்னார். கடந்துபோகையில், தாம் இரக்கமும் பரிவும் உள்ள கடவுள் என்று தம் பெயரை அறிவித்தார். விடுதலைப் பயணம் 33, 34. பயப்படுவதற்கு மாட்சி, கெஞ்சுவதற்கு இரக்கம் என்று பிரித்து வைத்திருந்தது நான்தான்.

அப்புறம், மூன்றாவது மரியே பாக்கி. திரும்பும் பஸ்ஸில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்தபடி 'பாவிகளாயிருக்கிற எங்களுக்காக' வரை வந்தேன். அந்த 'எங்களுக்காக'வில் தம்பியும் வந்து நின்றான். கண்டக்டர் டிக்கெட் கேட்டார். வாங்கிக்கொண்டு, திரும்ப முதலிலிருந்து தொடங்கி, நீலாம்பூர் வருவதற்குள் முடித்தேன்.